பதினாறு முழக் கழுத்து

பாயசத்துக்குப் போடுகிற குண்டு ஜவ்வரிசி
ஓர் ஆழாக்கு, முதல் ராத்திரியே ஊறப் போட்டேன்.
கோவர்த்தனன் எட்டிப் பார்த்து,
"என்ன பிலோமி, யாருக்கு விருந்து?" என்றான்.
அவன் வாடகைக்கு விடப்போகிற
வெள்ளைக்காரன் கழுத்துக்குத்தான்.

பந்தடித் தெருவில், மாடிப்படிக்குக் கீழே அவன் கடை.
கொக்கியில் தொங்குகிறார்கள்
மூன்று ராஜா, இரண்டு கலெக்டர், ஒன்றரை எமன்
(மிச்சத்தை எலி தின்றுவிட்டது).
நாயக்கர் சபைக்கு வந்த பரங்கி மட்டும் இருப்பில் இல்லை.
கல்லூரிப் பையன்கள் ஒரு படம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
தாம்பாளத்தில் வைத்த தலை மாதிரி
கழுத்தைச் சுற்றி வெள்ளை அடுக்கு.
"இது அப்படியே நிக்கணும்க்கா."

நிற்கும்.
மடத்துத் துவைப்பறையில் பதினோரு வருஷம் இருந்தவள் நான்.
முக்காட்டுக்கு நடுத்தரம், பீடத் துணிக்குக் கெட்டி,
மதர் சுப்பீரியருக்குக் கெட்டியிலும் கெட்டி.

அரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றினேன்.
வெள்ளை மங்கிக் கண்ணாடியாகிற நேரம் ஒன்று உண்டு.
அப்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.
போனால் கட்டி தட்டும்,
துணியில் அம்மைத் தழும்பு விழும்.
இஸ்திரியில் ஒட்டாதிருக்க உப்பு.
பளபளப்புக்கு மெழுகுவர்த்தி அடித்துண்டு.
நீலம் இரண்டு சொட்டு.
பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம், துளியிலும் துளி;
பையனுக்குக் கழுத்து அரிக்கக் கூடாதே.

நாலு விரல் அகலம், பதினாறு முழம், மல் துணி.
முக்கிப் பிழிந்து மொட்டை மாடியில் போட்டேன்.
அரை ஈரத்தில் எடுக்க வேண்டும்.
மதுரை வெயிலுக்கு அரை என்று எதுவும் தெரியாது.
செருப்பைத் தேடிக்கொண்டு போவதற்குள்
அப்பளமாகிவிட்டது.
தண்ணீர் தெளித்தேன். திட்டுத் திட்டாய் வாங்கியது.
அலசிவிட்டு முதலிலிருந்து முக்கினேன்.

மடிப்பை எதை வைத்து உருட்டினார்களோ,
படத்தில் அது இல்லை.
அடுப்படி ஊதுகுழலைக் காய்ச்சி
ஒவ்வொரு வளைவிலும் சொருகி உருவினேன்.
நூற்றுப் பதினேழு மடிப்பு,
தேனடை மாதிரி.
இரண்டு விரலில் கொப்புளம்.

தல்லாகுளத்து ஹாலில் நாடகம்.
பரங்கி வேஷம் உசிலம்பட்டி ஒச்சப்பனுக்கு,
முகமெல்லாம் ரோஸ் பவுடர்.
எழுதியிருந்தது இவ்வளவுதான்:
பரங்கி, நாயக்கர் முன் தலை தாழ்த்துகிறான்.
ஒத்திகையில் அழகாகத்தான் தாழ்த்தினான்.
அன்று கழுத்தில் இருந்தது குற்றாலத் துண்டு.

முகவாய் விளிம்பில் முட்டியது.
இன்னொரு தரம் முயன்றான்.
மொடமொடவென்று முதல் வரிசை வரைக்கும் கேட்டது.
பிறகு விட்டுவிட்டான்.
நிமிர்ந்தபடியே
மூக்கு நுனி வழியாக மன்னரைப் பார்த்தான்.

நாயக்கருக்கு வசனம் மறந்துபோயிற்று.
வாயிற்காவலனாய் நின்ற பையன்
அட்டைக் கத்தியில் நிஜமாகவே கை வைத்தான்.
"எவ்வளவு திமிர் பாருங்க"
என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.
திமிர் இல்லை சார், ஜவ்வரிசி
என்று நாக்கு நுனி வரை வந்ததை
முறுக்கோடு சேர்த்து மென்றுவிட்டேன்.

மூன்றாம் காட்சியில் மின்விசிறி நின்றது.
காதோரம் வியர்வை இறங்கி
இடப்பக்கம் முதலில் சரிந்தது,
அதே அப்பளம், இப்போது ரசத்தில்.
தலை அதுபாட்டுக்குக் குனிந்தது.
அந்த இடத்தில் நாயக்கர் வாளை உருவி மிரட்ட வேண்டும், மிரட்டினார்.
பரங்கி பயந்துவிட்டான் என்று ஹால் முழுக்கக் கைதட்டல்.

ராத்திரி வெந்நீரில் ஊற வைத்தேன்.
தண்ணீர் பால் மாதிரி திரும்பி வந்தது.
அலசும்போது அந்தப் படத்துக்காரன் நினைப்பு.
அவனுக்கும் எவளோ ஒருத்தி
எங்கோ ஒரு ஊரில் கிண்டியிருப்பாள்.
அவளுக்குக் கட்டி தட்டிய நாளில்
அவன் யாருக்கெல்லாம் குனிந்தானோ.

காலையில் கோவர்த்தனன் நோட்டை விரித்தான்.
வெள்ளைக் கழுத்து, ஒன்று.
வாடகை இருநூறு.
திரும்பி வந்த நிலை என்ற இடத்தில்
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
எழுதினான்: படுத்துவிட்டது.