இரண்டரையிலிருந்து நான்கு வரை

குதாயிசி நகரம் தூங்கிய பிறகுதான்
என் வேலைக்குக் காது முளைக்கும்.
ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பி,
ஒரு முனை தெருவின் வால்வில்,
மறுமுனை என் காதோரத்து எலும்பில்.
நான்கு மணிக்கு ரொட்டிக்கார வாஜா
மாவு பிசையக் குழாயைத் திறப்பார்.
அதற்குமேல் தெரு முழுக்க
அவர் வாளி நிரம்பும் சத்தம்தான்.

அலுவலகத்தில் பாத்ரி கணக்கு வைத்திருக்கிறான்:
எங்கள் வட்டத்துக்குள் இரவு மூன்று மணிக்கு
நொடிக்கு முப்பத்தொரு லிட்டர் போகிறது.
மூன்று மணிக்கு யார் குளிக்கிறார்கள்,
யார் துணி அலசுகிறார்கள்?
யாரும் குடிக்காத நீர்
மீட்டரின் முள்ளைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் ரியோனி ஆற்றோரக் கிணறுகளில்
அளந்து எடுத்து
மண்ணில் அளக்காமல் போடுகிறோம்.

கசிவுக்குக் குரல் உண்டு.
சின்ன ஓட்டை சீறும்,
பெரிய உடைப்பு அடித்தொண்டையில் முனகும்.
பிளாஸ்டிக் குழாய் கல்லுளிமங்கன், வாயே திறக்காது.
எஃகு வம்புக்காரி:
இங்கே நடந்ததை
அறுபது மீட்டர் தள்ளிப் போய்ச் சொல்லும்.

அவளை நம்பி மூன்று முறை தவறாகத் தோண்டினேன்.
முதல் குழியில் காய்ந்த மண்.
இரண்டாவதில் காய்ந்த மண், ஒரு கரண்டி.
மூன்றாவது, மருந்துக்கடை லாமாராவின் வாசலுக்கு நேர் எதிரே.
"தேடுவது தண்ணீரா, புதையலா?" என்றாள்.
ஒரு வாரம் அவளிடம் இருமல் மருந்து வாங்க வந்தவர்கள்
பலகைமேல் தடுமாறித்தான் போனார்கள்.
தோண்டிய செலவை மேலாளர் சிவப்பு மையில் எழுதினார்.
போன நீரை எழுத
அவரிடம் எந்த நிறத்திலும் மை இல்லை.

பதினோராம் இரவு
கம்பியை வண்டியிலேயே வைத்துவிட்டு
சும்மா நடந்தேன்.
கோடை முழுக்க மழை இல்லை.
தெருவின் மாதுளைகள் இலை சுருண்டு நிற்க
முப்பத்தாறாம் எண் வீட்டில் மட்டும்
கிளை தரையைத் தொடக் காய்த்திருந்தது.
அந்த வீட்டார் கிரீஸுக்கு வேலை தேடிப் போய்
ஏழு வருடம். பூட்டும் துருப்பிடித்துவிட்டது.
பிறகு யார் ஊற்றியது?

நாங்கள்தான்.

தெமூர் விளக்கைப் பிடித்தான்.
முழங்கால் ஆழத்தில் மண் கொழகொழத்தது,
இடுப்பாழத்தில் குளிர்ந்தது.
இணைப்பின் அடியில் விரல் நுழையும் பிளவு,
அதன் வாயருகே மாதுளையின் வேர்.
திருடியது மரமா, கொடுத்தது குழாயா
என்று விசாரிக்க நேரமில்லை.
வேரை வெட்டாமல் விலக்கினேன்.
எட்டு போல்ட், ஒரு ரப்பர் பட்டை, எழுபது நிமிடம்.

மறுநாள் இரவு பாத்ரி போன் செய்தான்:
"இருபத்திரண்டு."
நான் பதில் சொல்லவில்லை.
எண்ணைத் திரும்பச் சொன்னான், தனக்காக.

நான்காம் நாள், ஏறிய அழுத்தம் தாங்காமல்
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
வேறொரு பழைய மூட்டு விட்டுக்கொண்டது.
இருபத்தாறு.
ஓரிடத்தில் வாயைப் பொத்தினால்
இன்னோரிடத்தில் பேசிவிடும்.
இது தெரிந்தும் இந்த வேலைக்கு வந்தவள்தான்.

வெள்ளிக்கிழமை புகார்ப் பதிவேட்டில்
ஐந்தாம் மாடி சியாலா:
நடுராத்திரியில் குழாய் ஊளையிடுகிறது.
தூக்கம் போயிற்று. யாரையாவது அனுப்பவும்.

இரண்டரைக்குப் போனேன்.
ஒன்பது ஆண்டாகக் கீழிருந்து வாளி சுமப்பவள்
சமையலறைக் குழாயை மட்டும்
ஒருநாளும் மூடியதில்லையாம்,
வந்தால் தெரியட்டும் என்று.

குழாய் முதலில் காற்றைத் துப்பியது.
பிறகு துருவை.
பிறகு நிறமே இல்லாத ஒன்றை.

தொட்டியில் விழுந்து வீணாகப் போவதை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
மூன்று நிமிடம் இருக்கும்.
எந்தக் கணக்கிலும் நான் எழுதவில்லை.
பிறகு கை நீட்டி
மூடினேன்.