போய் வருகிறேன்

மூன்றாம் முறையாக வலை கிழிந்தது ரூனாருக்கு,
அதே இடத்தில்.
பதினெட்டு மீட்டர் ஆழம், பொத்னியக் கடல்,
மே மாதம் வந்தும் கயிற்றை விடாத குளிர்.

காப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம்:
சேதம் விளைவித்தவர் யார்?
எங்கள் ஆய்வுப் படகில் ஏறி
ஈரக் கையோடு அதை மேசையில் வைத்தான்.
தரையைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தானே.

சோனார் திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
சேறென்றால் சமதளம் என்றிருந்தான்.
அடியில் வரிவரியாய் மேடுகள்,
துணி துவைக்கும் பலகை மாதிரி,
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நூறு மீட்டர் இருக்கும்.

கோடையில் பனி விலகியது.
குளிர் வந்ததும்
மறந்ததை எடுக்க வந்தாற்போல் சற்றே முன்னேறி
கல்லையும் மணலையும் மூக்கால் முட்டிக் குவித்தது.
போகிறேன் என்று சொல்லத் தெரியாத விருந்தாளி,
வாசலில் நின்று
போய் வருகிறேன், போய் வருகிறேன்.
ஒவ்வொரு முறைக்கும் ஒரு மேடு.
(ஆண்டுக்கு ஒன்றா என்பதில்
எனக்கும் ஐனிக்கிக்கும் இன்னும் சண்டை.)

ஐனிக்கி களிமண் குழாயை நீளவாக்கில் பிளந்தாள்.
மேலே கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை.
அதற்கும் கீழே
உருகிய நீர் கொண்டுவந்த வெளிர் கோடை,
மூடிய கடலில் மெல்லப் படிந்த கருங்குளிர்.
வெளிர், கருமை, வெளிர், கருமை.
மீன் கத்தியின் நுனியால் எண்ணினான் ரூனார்.
நாற்பத்தொன்றில் கத்தி நின்றது.

ஒரு கல். கோழிமுட்டை அளவு.
மிதந்துபோன பனிக்கட்டி
உருகும்போது கைநழுவ விட்டது.
தனக்குக் கீழிருந்த மூன்று வருடங்களை
அமுக்கி உட்கார்ந்திருக்கிறது.

இதைத் தருவீர்களா என்றான்.
எண் போட்டாயிற்று, முடியாது என்றேன்.

தரை இன்னும் எழும்புகிறது என்றாள் ஐனிக்கி,
ஆண்டுக்கு ஒரு விரல்நகம்,
சுமை இறக்கிய தோளுக்கு
நிமிர இவ்வளவு காலம்.
தெரியும் என்றான். துறையை இருமுறை நீட்டியவன்.
அப்படியானால் அந்த மேடு
ஒருநாள் தீவாகும்.
அதற்கு யார் வரி கட்டுவது?

யாரும் பதில் சொல்லவில்லை. காபி ஆறிப்போயிருந்தது.
பேனா வாங்கி, கட்டத்துக்குள்
எழுத்து வெளியே வழியாமல்
நிதானமாக எழுதினான்:
பனி.

முகவரிக்கான இடத்தில்
வெகுநேரம் யோசித்து
வடக்கு என்று எழுதி, அடித்து,
மேலே என்று எழுதி, அதையும் அடித்து,
இறங்கிப் போனான்.
படிவம் இங்கேயே கிடக்கிறது,
நனைந்த மூலை காய்ந்து
அலையலையாய்ச் சுருங்கி.