ஓதப் பட்டியல்

பாதிரியார் படகின் பெயரில் நான் ஜெயித்தேன்.
சாந்த ரீத்தா இல்லை, சாந்த ரோசா.
இரண்டு கிழவர்களைக் கூட்டிவந்து
சாட்சி சொல்ல வைத்தேன்.
ஆப்பிள் மது எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதிலும்
நானே ஜெயித்தேன்.
அதன்பின் ஒன்பது வாரம்
பெலார்மினோ என் வீட்டுப் பக்கம் வரவில்லை.
முட்டி வலி என்றான்.
முட்டிதான் என்று நானும் நம்பினேன்.

முப்பது வருஷம் படகுத்துறையில்
சீட்டுக் கிழித்தவன் நான்.
மணி, நிமிஷம், தேதி
எதிலும் எனக்குப் பிசகாது.

தீராமல் கிடந்தது ஒரே வழக்கு:
அவன் வீட்டை நாங்கள் கடல்வழி இழுத்து வந்த வருஷம்.
சிலோயேயில் வீடும் ஊர் மாறும்.
பெயர்த்து, உருட்டி, பீப்பாய் கட்டி,
ஓதம் ஏறும் நேரம் பார்த்து மிதக்கவிட்டால்
கூரையும் கதவும் அசைந்தசைந்து
படகுகளுக்குப் பின்னால் வரும்.
இழுத்தவர்களுக்குக் கூலி கிடையாது.
கறியும் கிழங்கும், போதும் என்கிறவரை மதுவும்.

எழுபத்தொன்று என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.
எழுபத்திரண்டு என்று நான் இரண்டு காலிலும்.

அலமாரியைக் குடைந்ததில் அகப்பட்டது,
துறைமுக அலுவலகம் அச்சிட்ட
எழுபத்திரண்டின் ஓதப் பட்டியல்.
செப்டம்பர், அமாவாசைக்கு மறுநாள்,
பென்சிலில் என் கையெழுத்து:
‘பெலார்மினோ வீடு. 5.40.’

கோட்டுக்குள் செருகிக்கொண்டு மழையில் கிளம்பினேன்.
வழிநெடுக ஒத்திகை.
எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவது,
எப்போது எடுத்து நீட்டுவது,
அவன் மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது
என் முகம் எப்படி இருக்க வேண்டும்.

அடுப்பின் மேல் அவன் காலுறைகள் காய்ந்தன.
மாத்தேக் குடுவையை என்னிடம் நீட்டிவிட்டு
கேட்காமலே ஆரம்பித்தான்:
‘தண்ணீரில் இறங்கினதும் சாய்ந்ததே, நினைவிருக்கா?
மாடி ஜன்னலில் ஓர்ஃபெலினா.
இறங்குடி என்றால் கேட்டாளா?
விளக்கைப் பிடித்துக்கொண்டு
எங்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டினாள்.’

மாடி ஜன்னல் எனக்கும் நினைவிருக்கிறது.
குறுக்கே பலகை அடித்திருந்தது.
எழுபத்திரண்டு ஏப்ரலில்
அவளைக் குன்றின்மேல் கொண்டுபோனோம்.
பெட்டிக்கு இடப்பக்கம், முன்னால்,
என் தோள்.

ஏப்ரல். அப்புறம் செப்டம்பர்.
பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரிந்த வரிசை.
நான் வாயைத் திறந்தால்
ஜன்னல் காலி.

கை கோட்டுக்குள்ளேயே இருந்தது.
‘என்ன வைத்திருக்கிறாய் அங்கே?’
‘நெஞ்சு.’
‘வலிக்கிறதா?’
‘குளிர்.’
எழுந்துபோய் விறகு போட்டான்,
முட்டியைப் பிடித்துக்கொண்டு.
முட்டி நிஜமாகவே வலிக்கிறது அவனுக்கு.

‘என்னை என்ன சொல்லித் திட்டினாள்?’ என்று கேட்டேன்.
‘உன்னையா? கடிகார மண்டையா என்று!’
சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.
அவள் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள்.
எந்த வருஷத்திலும்.

திரும்பும் வழியில் என் அடக்கத்தை நினைத்து
எனக்கே புல்லரித்தது.
கையில் ஆதாரம் இருந்தும் காட்டாதவன்!
வென்றும் வெல்லாதவன்!
தலை நிமிர்ந்து, நெஞ்சு விரிந்து,
வேலியோரச் சேற்றில் வழுக்கி
அப்படியே உட்கார்ந்தேன்.
அவனுடைய ஆடுகள் மெல்வதை நிறுத்தாமல் பார்த்தன.

அடுத்த ஞாயிறு
சும்மாதான் சுவரைப் பார்த்தேன்.
அடுப்புக்கு மேலே, ஆணியில் கோத்து,
புகையேறிப் பழுத்த
அவனுடைய ஓதப் பட்டியல்கள்.
இருபது வருஷமாக அந்தச் சுவருக்கு எதிரில்தான்
உட்கார்ந்து வாதாடியிருக்கிறேன்.
அன்றுதான் எண்ணினேன்.
அறுபத்தொன்பது. எழுபது. எழுபத்தொன்று.
எழுபத்து மூன்று.

‘என்ன பார்க்கிறாய்?’

‘ஒன்றுமில்லை. மழை விடாது போலிருக்கே.’

‘ஒரு மணிக்குள் விட்டுவிடும்’ என்றான்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டும் ஆயிற்று.
கூரையில் கொட்டுகிற சத்தத்தில்
ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை.
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.