கொடுத்துவைத்தவள்

அம்மா மாத்திரை போடுவதில்லை.
நான் போடுகிறேன், இரவு ஒன்பதுக்கு,
போனில் சேவல் கூவும்போது.

இருவருக்கும் ஒரே கிருமி.
அப்பாவிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து எனக்கு.
நள்ளிரவில் பிறந்ததால் எனக்கு அவுவோர் என்று பேர் வைத்தார்கள்.
கிருமியின் பேரை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்பா நாலே வருஷத்தில் கரைந்தார்.
அவர் பெல்ட்டில்
ஆணியால் புதிதாய்க் குத்திய ஓட்டைகள் ஐந்து.
அதே பாயில் படுத்தவள்
டுங்கா கரையில் இன்றும் ஒமேனா மீன் காயவைக்கிறாள்,
கூடையைத் தலைக்கேற்ற யாரையும் கூப்பிடுவதில்லை.
கொடுத்துவைத்தவள் என்றது சந்தை.
சூனியக்காரி என்றது அப்பாவின் வீடு.

டாக்டர் வாஃபுப்வா வைத்திருந்த சொல் வேறு:
பி ஐம்பத்தேழு.
சோடா மூடிகளை மேஜையில் பரப்பிச் சொன்னார்.
கிருமி புகுந்த செல் தன் வாசலில்
அதன் துணுக்கொன்றைத் தூக்கிக் காட்டும்;
அதைப் பார்த்துத்தான் காவல் செல்கள் கொல்ல வரும்.
எந்தத் துணுக்கு என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.
அப்பாவின் செல்கள் காட்டியது அதன் சட்டையை.
அது சட்டையை மாற்றிக்கொண்டது.
அம்மாவின் செல்கள் காட்டுவது முதுகெலும்பை.
மாற்றினால் அதுவே நொண்டும்.

"எனக்கு?"
ஒரு மூடியை எடுத்துத் தன் பைக்குள் போட்டார்.
"தாயிடமிருந்து பாதிதான் வரும், அவுவோர்."

நூலைப் போலச் சேலையாம்.
அவள் நெற்றி வந்தது, கோணல் பல் வந்தது,
முகர்ந்தே மீனின் வயதைச் சொல்லும் மூக்கு வந்தது.
அந்த ஓரிழை வரவில்லை.
கொடுத்தது கிருமி, வைத்துக்கொண்டது காவல்.
கொடுத்துவைத்தவள்தான்.
ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

அவள் என்ன செய்வாள்.
ஆறு மாதத்துக்கொரு தடவை ஒன்பது குழாய் ரத்தம் கொடுத்துவிட்டு
பஸ் காசோடு வருவாள், வழியெல்லாம் நடந்து.
மிச்சத்தில் ஒருமுறை எனக்குச் செருப்பு.
நீங்களும் மாத்திரை தொடங்குங்கள் என்கிறார்கள்,
அடுத்த தடவை என்கிறாள்.
"என் ரத்தத்திலிருந்து எதையாவது எடுத்து
இவளுக்கு வையுங்களேன்."
எப்போதும் கேட்பாள். நர்ஸ் சிரிப்பாள்.

இந்த முறை நர்ஸ் சிரிக்கவில்லை.
எங்கோ பனிநாடுகளில் சிலருக்கு
ஒரு மரபணுவில் முப்பத்திரண்டு எழுத்து பிறவியிலேயே இல்லையாம்;
கிருமி தட்டுகிற கதவு அவர்கள் செல்லில் முளைப்பதில்லையாம்.
என் செல்களை வெளியே எடுத்து
அந்தக் கதவைக் கத்தரித்துத்
திரும்ப உள்ளே ஏற்றிப் பார்ப்பார்களாம்.
சோதனைதான். நைரோபியில் எட்டு வாரம். முடி கொட்டும்.
பலிக்காமலும் போகலாம்.
பலித்தால் அடுத்தவளுக்கு என்ன விலை என்று கேட்டேன்,
அது படிவத்தில் இல்லை.

பதின்மூன்று பக்கம். மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
இன்னும் ஐந்தாம் பக்கம் தாண்டவில்லை.
ஒன்பதாம் பக்கத்தில், கையெழுத்துக் கோட்டுக்குச் சற்று மேலே,
ஒரு மீன்செதில் ஒட்டியிருக்கிறது.

மணி எட்டு ஐம்பத்தெட்டு.
சேவலுக்கு முன்பே
தண்ணீர் வந்துவிட்டது.