வருகையாளர்

பெல்லந்தூர் பி.ஜி., மூன்றாம் மாடி.
ஜன்னல் கொசுவலையில் முழம் நீளக் கிழிசல்.
ஏரிக் கொசுக்களுக்கு அதுதான் வாசல்.

கம்பெனி கம்பெனியாகக் கொடுக்கும்
‘வருகையாளர்’ ஸ்டிக்கரை
குர்தாவிலிருந்து உரித்து
அதில் ஒட்டிவருகிறேன்.
இதுவரை பதினாலு.
மங்கையர்க்கரசி என்ற பெயர்
எதிலும் முழுதாக இல்லை:
மங்கை, மங்கயா,
ஒன்றில் வெறும் கரசி.

‘உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம்.’
நேற்றைய மெயில்.
வைத்திருக்கட்டும்.
அவர்கள் பசையும்
நல்ல பசைதான்,
மழைக்குக்கூட விடவில்லை.

“அடைச்சாச்சா?” என்கிறாள் ஷைனி,
போர்வைக்குள்ளிருந்து.

மூலையில் இன்னும் ஒரு விரல் நுழைகிறது.

நாளை ஒயிட்ஃபீல்டு, ஒன்பதரைக்கு.
இருக்கிற ஒரே நல்ல குர்தா
மின்விசிறிக்குக் கீழே
கையை ஆட்டி ஆட்டிக்
காய்ந்துகொண்டிருக்கிறது.