டிராப் பின்

தறி ஓடும்போது தூங்குகிறாள்.
நாற்பது தறி, சோமனூரே பல்லைக் கடிக்கிற சத்தம்,
அதில் சஷ்விகா தூங்குகிறாள்.
ஒரு கரண்டி விழுந்தால் போதும்,
முறுக்கேறிய பாவுபோல் விறைத்துவிடுகிறாள்.
மூச்சும் நிற்கிறது.
நாலு மாதம்.

சீர் தட்டியிருக்கும் என்று மந்திரித்தோம்.
வலிப்பு என்றார்கள், அதற்கும் பார்த்தோம்.
கோயமுத்தூரில் டாக்டர் சுகந்தி
மூக்கு நுனியில் விரலால் ஒரு தட்டு,
தலை பின்னுக்கு வெட்டியது.
"வலிப்பில்லீங்க. நிறுத்தறதுக்கு ஆளில்லை."

சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
ஐந்து துண்டு, நடுவே ஓர் ஓட்டை.
நரம்பணு அதை உள்ளறையில் கோக்கிறது,
பிசகியதை அங்கேயே பிரித்துப் போடுகிறது.
சரியாய் வந்தது மேலேறி
எண்ணெயில் விழுந்த பொத்தானாய்
தோல் முழுக்க வழுக்கித் திரியும்.
திரிந்தால் ஆகாது.
சேதி வந்து இறங்கும் இடத்துக்கு நேர் கீழே
கெஃபைரின் என்றொரு சட்டம்,
அதில் கால் மாட்டி நிற்கவேண்டும்.
நின்றால்தான் 'போதும்' என்ற சொல்லுக்கு
ஓட்டை திறக்கும்,
உப்பில் ஒரு பாதி உள்ளே போய்
துள்ளலை அமர்த்தும்.

"புரியுதுங்களா?"

நான் தறி பிட்டர். இருபத்திரண்டு வருசம்.
பாவு இழை ஒவ்வொன்றிலும் ஒரு டிராப் பின்.
இழை அறுந்தால் பின் விழும், தறி நிற்கும்.
டப்பாவில் பத்தாயிரம் பின் கிடக்கட்டும்,
இழைமேல் உட்காராதது எதை நிறுத்தும்?
(ஓனர் சொல்லி எட்டுத் தறியில்
நானே அதைக் கட்டிப்போட்டிருக்கிறேன்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.)

"பாப்பாவுக்குப் பின் வார்த்ததில் குறைங்களா,
மாட்டற காலில் குறைங்களா?"
பேனாவை மூடினார்.
ரத்தம் பெங்களூர் போயிருக்கிறது.
அதுவரை கால் மாத்திரை, பாலில் கரைத்து.
விறைத்தால்
தலையையும் காலையும் வயிற்றுப் பக்கம் மடக்கு.

ஏழே காலுக்குக் கரண்ட் போனது.
போவதில் பயமில்லை,
திரும்பி வந்து முதல் தறி அடிக்கிற அடி இருக்கிறதே.
ஓடினேன்.
கலாமணி முன்பே மடக்கிப் பிடித்திருந்தாள்,
நெற்றி முழங்காலில் தொட,
குழந்தையின் எச்சில் அவள் மணிக்கட்டில்.

கரண்ட் வந்தது. தறி அடித்தது.
ஒரு வெட்டு.
அதற்குமேல் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து
பதினேழாம் தறியில் ஏதோ ஓர் இழை அறுந்து
பின் விழுந்தது,
தறி தானாய் நின்றது.
பிட்டரே, பிட்டரே என்று கூப்பிட்டார்கள்.
நான் எழவில்லை.
சித்த நேரம் நிக்கட்டும்.