ஈரம் காயாத கல்

கொய்டுவில் பத்து மணிக்கு முன்னால்
நான் கல் பார்ப்பதில்லை.
காலை வெயிலில் ஒரு மஞ்சள் உண்டு,
அது எல்லாக் கல்லிலும் ஏறிக்கொள்ளும்.
மூன்றுக்கு மேலும் பார்ப்பதில்லை.
ஜெனரேட்டர் விளக்கு பொய் சொல்லும்.
எதிரே நீலச் சட்டைக்காரர் உட்கார்ந்தால்
சட்டையும் தன் பங்குக்குச் சொல்லும்.

கோம்பா வந்தது பதினொன்றரைக்கு.
முழங்கால்வரை குழிச் சேறு.
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்து
நெஞ்சுப் பையில் வைத்திருந்தான்.
வெள்ளித்தாள் தன் மினுக்கைக் கல்லுக்குக் கடன் கொடுக்கும்;
முதலில் தாளை வாங்கி
மேசைக்கு அடியில் போட்டேன்.

தராசு இரண்டு புள்ளி மூன்று என்றது.
எடையில் சண்டை இல்லை.
சண்டையெல்லாம் மற்றதில்.

பட்டை தீட்டாத கல்லுக்கு முகம் கிடையாது.
எட்டுப் பக்கத்தையும் ஆறு உருட்டி உருட்டி
ஆவி படிந்த ஜன்னலாக்கி வைத்திருக்கும்.
உள்ளே புள்ளியா, ரேகையா, புகையா,
மேல்தோலின் பச்சை தோலோடு போகுமா
இல்லை அடிவரை இறங்கியிருக்கிறதா,
லென்ஸ் வாசலோடு நின்றுவிடும்.
அதனால்தான் நக்கிப் பார்ப்பது.
சிரிக்காதீர்கள், எல்லோரும் செய்வதுதான்.
நாக்கின் ஈரம் பட்டதும்
இரண்டு மூச்சுக்குக் கல் திறந்துகொள்ளும்.
நீரோட்டம் அப்போதுதான் தெரியும்.
காய்வதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தேன்.
மூலையில் ஒரு நிழல்.
கீறலாக இருந்தால் அறுக்கும்போது இரண்டாகும்.
மேல்மடிப்பின் நிழலாக இருந்தால் ஒன்றுமில்லை.
போன மழைக்காலத்தில் இப்படி ஒன்றை
ஒன்றுமில்லை என்று வாங்கினேன்.
ஆன்ட்வெர்ப்பிலிருந்து ஒரு படம் அனுப்பினார்கள்,
உடைந்த சர்க்கரைபோல.
ஒரு வரி இல்லை, படம் மட்டும்.

நான் கல்லைப் பார்க்கும்போது
கோம்பா கல்லைப் பார்க்கவில்லை.
என் புருவத்தில் எத்தனை காரட் என்று
எடைபோட்டுக்கொண்டிருந்தான்.
பதினாறு வருடமாக இந்த முகத்தைப்
பழக்கி வைத்திருக்கிறேன்,
பல்வலியிலும் அசையாது.

விலை சொன்னேன்.
ஐந்து பேர் ஐந்து மாதம் தோண்டியது ஃபிண்டா, என்றான்.
பம்பு வாடகையே பாதியைத் தின்றுவிடும், என்றான்.
தோண்டிய ஆழம் கல்லுக்குள் தெரியாது, என்றேன்.
அது உண்மைதான்.
சொல்லியிருக்க வேண்டியதில்லை.
அவன் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து
வெள்ளித்தாளை எடுத்து, நீவி,
கல்லை மடித்துக்கொண்டு போனான்.

மரவள்ளி இலைக் குழம்பும் சோறும் தின்றேன்.
மூன்று சில்லறைக் கற்கள் வந்தன, திருப்பி அனுப்பினேன்.
வானம் இருட்டியது, பெய்யவில்லை.

மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்தான்.
நேரமாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை.
தாளைப் பிரித்தான்.
கல் ஈரமாக இருந்தது.

தெருவில் ஒரு தூறல் இல்லை.
மடித்த தாளுக்குள் எச்சில் சீக்கிரம் காயாது.
எதிர்க்கடை ஜவாதின் படியிலிருந்து
இங்கே வர நாற்பது அடி.
ஜவாது என்ன பார்த்தார்?
அந்த மூலையையா?
இல்லை, பெட்டியில் பணம் இல்லையா, வெள்ளிக்கிழமை வேறு.
தான் போய்வந்த இடத்தைக் கல்
சொல்லிக்கொண்டிருப்பது கோம்பாவுக்குத் தெரியவில்லை.

காலையில் சொன்னதில் முந்நூறு டாலர் குறைத்தேன்.
என் முகம் அசையவில்லை.
சரி என்றான்.
நோட்டுகளை இரண்டு முறை எண்ணினான்,
மூன்றாம் முறை ஐந்தாகப் பிரித்து எண்ணினான்.
வெள்ளித்தாளை மறந்துவிட்டுப் போனான்.

இரவு. விளக்கு பொய் சொல்லும் நேரம்.
தெரிந்தும் உட்கார்ந்திருக்கிறேன்.
கல்லை நாக்கில் வைக்கிறேன், லென்ஸை எடுக்கிறேன்.
அந்த நிழல் ஒரு முறை கீறல், ஒரு முறை மடிப்பு.
காய்ந்துவிடுகிறது.
மறுபடி வைக்கிறேன்.
லேசாக உப்பு.
என்னுடையதா, ஜவாதுடையதா,
குழிக்குள் கண்டெடுத்த கையோடு
வாயில் அடக்கிக்கொண்டு
மேலே ஏறி வந்தவனுடையதா.